மேக்பெத்தை நான்கு படங்களில் பார்ப்பது எப்படி: மூடிய கதவிலிருந்து ஒரு வழிகாட்டி

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில், டங்கன் அரசன் தூங்கும் அறையை நோக்கி, அவரைக் கொல்ல மேக்பெத் போகிறான். அடுத்து மேடைக்கு வருவது அவன் மனைவி. காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். எங்கோ ஆந்தை அலறுகிறது. கொஞ்ச நேரத்தில் ரத்தக் கையோடு கணவன் திரும்பி வருகிறான். நாடகம் முழுவதையும் தாங்கி நிற்கும் அந்தக் கொலை, நம் கண்ணில் படாமல் பக்கத்து அறையில் நடந்து முடிந்துவிட்டது.

சினிமா எடுப்பவருக்கு இதுதான் சோதனையான இடம். அவர் கையில் கேமரா இருக்கிறது. எந்த அறைக்குள்ளும் நுழையலாம். நுழைவதா, வாசலிலேயே நிற்பதா?

பழைய நாடகம் ஒன்று படமாகும்போது "மூலத்தைக் கெடுக்காமல் எடுத்திருக்கிறாரா?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் பல காலம் படம் பார்த்தேன். எது விடுபட்டது என்று எண்ணியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. இப்போது வேறொன்றைக் கேட்கிறேன்: மேடையில் சொல் செய்துகொண்டிருந்த வேலையைப் படத்தில் எது செய்கிறது? இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. தேவையானவை: ஷேக்ஸ்பியரின் மேக்பெத், நான்கு படங்கள், ஒரு நோட்டு, ஐந்தாறு வார இறுதிகள்.

படி 1: முதலில் நாடகத்தை வாய்விட்டுப் படியுங்கள்

படத்தைப் பார்த்துவிட்டு நாடகத்துக்கு வந்தால் நடிகர்களின் முகம் வந்து மறைத்துக்கொள்ளும். அதனால் நாடகம் முதலில். 1606 வாக்கில் எழுதப்பட்டு, ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து 1623இல்தான் அச்சேறியது. அவருடைய துன்பியல் நாடகங்களிலேயே சிறியது இதுதான். மூன்று நாள் மாலை போதும். பழைய ஆங்கிலம் மிரட்டினால், பக்கத்திலேயே இன்றைய ஆங்கிலத்தில் பொருள் தரும் பதிப்புகள் கிடைக்கின்றன. பொருளைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். மூல வரியை வாயால் சொல்லுங்கள். அரைகுறை உச்சரிப்பானாலும் பரவாயில்லை, வீட்டில் யாரும் மார்க் போடப் போவதில்லை.

(பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் 'மகபதி'. ஹாம்லெட் அவரிடம் 'அமலாதித்யன்' ஆனான். ஊரை மாற்றினாலும் ஓசையை விடாத காது அது.)

ஏன் வாய்விட்டு? குளோப் போன்ற திறந்தவெளி அரங்குகளில் நாடகங்கள் பிற்பகல் வெயிலில் நடந்தன. மேக்பெத்தோ பெரும்பாலும் இரவில் நடக்கும் கதை. விளக்கை அணைத்து இருட்டைக் கொண்டுவர அங்கே வழி கிடையாது. கையில் ஒரு தீவட்டி, வாயில் நாலு வரி, இரவு வந்துவிட வேண்டும். நண்பன் பாங்க்கோவைக் கொல்ல ஆள் அனுப்பிவிட்டு மேக்பெத் சொல்கிறான்: வெளிச்சம் தடித்துக்கொண்டே போகிறது, காகம் காட்டை நோக்கிச் சிறகடிக்கிறது. அந்த வரி கவிதை என்பதோடு லைட்டிங்கும்கூட. சினிமாவில் லைட்டிங்குக்குத் தனி ஆள் இருக்கிறார். அப்போது அந்த வரி என்ன ஆகும்?

இதைப் பிடிக்க நோட்டில் இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்றில், நடந்ததாகச் சொல்லப்பட்டு மேடையில் காட்டப்படாதவை: தொடக்கப் போர் (காயம்பட்ட வீரன் ஒருவன் வந்து விவரிக்கிறான்), காடோர் பிரபுவின் மரண தண்டனை, டங்கன் கொலை, மேக்பெத்தின் முடிசூட்டு, அவன் மனைவியின் சாவு (உள்ளே பெண்களின் ஓலம் மட்டும் கேட்கும்). இன்னொன்றில், சொல்லாலேயே வரைந்த படங்கள்: இருட்டு, ரத்தம், பறவைகள். பறவைகளை விடாதீர்கள், ஆந்தை, காகம், அண்டங்காக்கை எல்லாம் பின்னால் தேவைப்படும்.

படி 2: எந்த வரிசையில் பார்ப்பது

வெளியான ஆண்டு வரிசையில் பார்க்க வேண்டாம். சொல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற வரிசையில் பாருங்கள்.

முதலில் ஜோயல் கோயன் 2021இல் எடுத்த 'தி டிராஜடி ஆஃப் மேக்பெத்'. டென்சல் வாஷிங்டன், பிரான்சஸ் மெக்டார்மண்ட். ஷேக்ஸ்பியரின் வரிகள் வெட்டப்பட்டிருந்தாலும் பேசப்படுவது அவைதான். கறுப்பு வெள்ளை, பழைய காலத்துச் சதுரமான பிரேம், முழுக்க ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். இதற்கு ஆங்கில சப்டைட்டிலை அவசியம் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அகிரா குரோசவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்', 1957. நாலு படங்களில் பழையது இது. ஆனாலும் பின்னால் வந்தவர்கள் யாரும் இதைத் தாண்டாமல் போக முடியவில்லை. கதை ஜப்பானிய உள்நாட்டுப் போர்க் காலத்தில் நடக்கிறது. ஷேக்ஸ்பியரின் வரி ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' (2003). மும்பை நிழலுலகம், இர்பான் கான், தபு, பங்கஜ் கபூர். நான்காவது திலீஷ் போத்தன் இயக்கி, சியாம் புஷ்கரன் எழுதி, ஃபகத் ஃபாசில் நடித்த 'ஜோஜி' (2021). கேரளத்துத் தோட்ட முதலாளி குடும்பம் ஒன்று. அரசும் இல்லை, போரும் இல்லை. ஜோஜியை முதல் தடவை சப்டைட்டில் இல்லாமலே பாருங்கள். தமிழ்க் காதுக்கு முக்கால்வாசி புரியும். புரியாத கால்வாசியில் முகங்களைக் கவனிக்க நேரம் கிடைக்கும்.

நேரம் இருப்பவர்களுக்கு ஐந்தாவதாக ஜஸ்டின் கர்சல் எடுத்த 2015 மேக்பெத். சில இடங்களில் அதையும் தொடுவேன்.

படி 3: மூடிய கதவின் முன் நில்லுங்கள்

ஒவ்வொரு படத்திலும் அரசன் கொலை வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கடைசியில் ஒரே நாளில் எல்லாவற்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வேறெதற்கும் நேரம் இல்லை என்றால் இந்தப் படியை மட்டுமாவது செய்யுங்கள்.

கோயன் கதவைத் திறக்கிறார். ஆனால் அதற்கு முன்னால் கதவை வைத்தே ஒரு வேலை செய்கிறார். நாடகத்தில் மேக்பெத் கண்ணெதிரே ஒரு கத்தி மிதப்பதாகக் காண்கிறான். பிடிக்கப் போனால் கைக்கு அகப்படுவதில்லை. மேடையில் அந்தக் கத்தி நடிகரின் சொல்லில் மட்டும் இருக்கும். கோயன் படத்தில் நீண்ட நடைக்கூடத்தின் கோடியில் ஏதோ மினுங்குகிறது. கத்தி என்றே நமக்கும் படுகிறது. கிட்டே போனால் டங்கனின் அறைக் கதவுக் கைப்பிடி. பொய்த்தோற்றத்தை விளக்கும் வரிகளை வைத்துக்கொண்டே பொய்த்தோற்றத்தை நம் கண்ணுக்கும் கொடுத்துவிட்டார். சொல்லும் படமும் ஒன்றையே இரண்டு தடவை சொல்லும் ஆபத்திலிருந்து இந்த இடம் தப்பியது இப்படித்தான்.

கர்சலும் திறக்கிறார், இன்னும் அகலமாக. டங்கனின் மகன் மால்கம் உள்ளே வந்து பிணத்தோடு மேக்பெத்தைப் பார்த்துவிடுகிறான். கதையே இங்கே ஒரு சுற்று திரும்பிவிடுகிறது. நாடகத்தில் மால்கம் சந்தேகத்தில் ஓடுகிறான். ஓடியதாலேயே அவன் மேல் சந்தேகம் விழுகிறது. இங்கே கண்ணால் கண்டு ஓடுகிறான். கதவைத் திறந்தால் காற்று உள்ளே வரத்தான் செய்யும்.

குரோசவா திறக்கவில்லை. இந்தப் படத்தின் மேக்பெத்தான வாஷிசு ஈட்டியோடு போகிறான். கேமரா அவன் மனைவி அசாஜியோடு தங்கிவிடுகிறது. அந்த அறையில் முன்பு ஒரு துரோகி செத்தான், கழுவியும் போகாத ரத்தக் கறை இருக்கிறது. பேச்சே இல்லை. அவள் நடக்கும்போது பட்டு உரசும் ஓசை கேட்கிறது. 'நோ' என்ற பழைய ஜப்பானிய நாடகத்தின் முகமூடிப் படங்களை நடிகர்களிடம் காட்டி அந்த முகத்தையே கேட்டவர் குரோசவா. அசாஜியாக நடிக்கும் இசுசு யமாதாவின் முகத்தில் நாம் படிக்க எதுவும் கிடைப்பதில்லை, அதனாலேயே கண்ணை எடுக்க முடிவதில்லை. வாஷிசு திரும்பி வருகிறான். விரல்கள் ஈட்டியில் இறுகிப்போயிருக்கின்றன. அவள்தான் அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது நாடகத்தின் அதே காட்சிக்குத் திரும்பிப் போங்கள், இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. கணவனும் மனைவியும் துண்டு துண்டாக, மூச்சு முட்ட, ஒருவர் வாக்கியத்தை ஒருவர் வெட்டிப் பேசுகிறார்கள். அத்தனை சொல்லின் பதற்றத்தையும் பட்டு உரசலுக்கும் பிரிய மறுக்கும் விரல்களுக்கும் கொடுத்திருக்கிறார் குரோசவா. வரிகள் எல்லாம் போன பிறகும் ஐந்து படங்களில் நாடகத்துக்கு மிக நெருக்கமாக எனக்குப்படுவது இந்தக் காட்சிதான்.

மக்பூலில் கதவு மட்டும் திறக்கவில்லை, படுக்கையே ஒன்றாகிவிட்டது. நிம்மி இங்கே மக்பூலின் மனைவி இல்லை. தலைவர் அப்பாஜியின் ஆசை நாயகி, மக்பூலின் காதலி. கொலை நடக்கும்போது அப்பாஜியின் பக்கத்தில் படுத்திருப்பவள் அவள்; ரத்தம் அவள் முகத்தில் தெறிக்கிறது. நாடகத்தில் அவள் உள்ளே போவது கொலை முடிந்த பின்பு, கத்திகளைத் திருப்பி வைக்க. "தூங்கும்போது என் அப்பாவைப் போல இல்லாமலிருந்தால் நானே முடித்திருப்பேன்" என்று ஒரு வரி அவளுக்கு உண்டு. பரத்வாஜ் அந்த வரியைப் பிடித்துப் படமாக நீட்டியிருக்கிறார் என்பது என் ஊகம்: அப்பா வயதுள்ளவன், அப்பா என்றே ஊர் அழைப்பவன், ஆனால் படுக்கை அவனோடு.

ஜோஜியில் கதவு உண்டா என்றே தேட வேண்டும். பக்கவாதத்தில் விழுந்து கிடக்கும் அப்பாவின் மாத்திரைகளை மகன் மாற்றி வைக்கிறான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, நள்ளிரவு மணி இல்லை. நம் வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கும் மாத்திரை டப்பா. பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கும் அண்ணி பின்சிதான் இங்கே மூடிய கதவு.

படி 4: சூனியக்காரிகளை யார் நம்புகிறார்கள் என்று கேளுங்கள்

மேக்பெத் எழுதப்பட்டபோது இங்கிலாந்தின் அரியணையில் இருந்த முதலாம் ஜேம்ஸ் சூனியம் பற்றிப் புத்தகமே எழுதியவர். பார்க்க வந்தவர்களில் பலருக்கு, நீ அரசனாவாய் என்று மேக்பெத்துக்கு வாக்குச் சொல்லும் அந்த மூன்று கிழவிகளும் நிஜம். இன்றைய இயக்குநருக்கு அந்த வசதி கிடையாது. நம்மை நம்ப வைப்பது யார் பொறுப்பு?

கோயன் அந்தப் பொறுப்பை ஒரே உடம்பிடம் கொடுத்தார். காத்ரின் ஹன்டர் மூவருக்கும் ஒருவராக, கை கால்களை முறுக்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்து பேசுகிறார். குரோசவாவிடம் காட்டுக்குள் ராட்டை சுற்றும் ஒற்றை ஆவி. மக்பூலில்தான் எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது: ஓம் பூரியும் நசிருதீன் ஷாவும் இரண்டு ஊழல் போலீஸ்காரர்கள். மழை இரவில் வேன் கண்ணாடியில் விரலால் ஜாதகக் கட்டம் போட்டுப் பலன் சொல்கிறார்கள். நமக்கு இதற்கு அடிக்குறிப்பு வேண்டாம். கட்டத்தைப் பார்த்ததும் பாதி நம்பிவிடும் ஊர்க்காரர்கள் நாம். ஆனால் இவர்கள் சொல்லிவிட்டு விலகி நிற்பதில்லை. சொன்னது பலிக்கும்படி அங்கங்கே தள்ளியும் விடுகிறார்கள். நாடகத்தில் கொலைக்குப் பின் வந்து குடிபோதையில் உளறிச் சிரிக்க வைக்கும் வாயிற்காவலனின் பங்கும் இவர்களுக்கே போயிருக்கிறது.

ஜோஜியில் ஜோசியமே இல்லை. அப்பா படுக்கையில் விழுந்ததே அவனுக்குப் போதுமான நல்ல வாக்கு.

படி 5: தனிமொழி எங்கே போனது என்று தேடுங்கள்

இதில் அதிக நேரம் வேண்டாம். மேக்பெத் தனக்குத்தானே பேசும் இடங்களை நாடகத்தில் அடிக்கோடிட்டுவிட்டு, படத்தில் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். குரலைப் பின்னணியில் ஓடவிட்டு நடிகரை ஜன்னலோரம் நிறுத்துவது சுலபமான வழி, பெரும்பாலும் சோம்பேறித்தனமானதும்கூட. மேக்பெத்தின் மனைவி தூக்கத்தில் நடக்கும் காட்சி மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. அதுவரை செய்யுளில் பேசிவந்தவள் அங்கே உரைநடையில் உடைந்து பேசுகிறாள். கர்சல் படத்தில் மரியோன் கோட்டியார் நடப்பதே இல்லை. தேவாலயத்தில் உட்கார்ந்து, நீண்ட க்ளோசப்பில், செத்த குழந்தையிடம் பேசுவதாக முடிகிறது அந்தக் காட்சி. அசாஜி தண்ணீரே இல்லாத பாத்திரத்தில் கை கழுவுகிறாள். நிம்மி சுவரைத் தேய்க்கிறாள்.

ஜோஜிக்குத் தனிமொழியே இல்லை. ஆனால் நாடகத்தின் ஒரு வரி வேறு வேடத்தில் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். "பொய்யான நெஞ்சு அறிந்ததைப் பொய்யான முகம் மறைக்கட்டும்" என்று மேக்பெத் முதல் அங்கத்தை முடிக்கிறான். கொரோனா காலத்துச் சாவு வீட்டில், கீழே இறங்கி வர வேண்டிய ஜோஜியிடம் பின்சி அலட்டாமல் சொல்வது, மாஸ்க் போட்டுக்கொண்டு வா.

படி 6: குழந்தை இருந்ததா?

படிப்பவர்களை நெடுங்காலமாகக் குடையும் ஓட்டை ஒன்று நாடகத்தில் இருக்கிறது. பால் கொடுத்திருக்கிறேன், அந்த அன்பு எப்படிப்பட்டது என்று தெரியும் என்கிறாள் மேக்பெத்தின் மனைவி. ஆனால் அவர்களுக்குக் குழந்தை இல்லை. அப்படியென்றால் அந்தக் குழந்தை? ஷேக்ஸ்பியர் சொல்லவில்லை. மேடையில் அது ஒரு நொடியில் கடந்து போகும்.

படம் எடுப்பவர்களால் கடக்க முடிவதில்லை. கர்சல் படத்தைத் தொடங்குவதே ஒரு குழந்தையின் ஈமச் சடங்கில். குரோசவாவில் அசாஜி கர்ப்பம் என்கிறாள். நண்பனின் மகனுக்கு அரியணையை எழுதிக் கொடுக்க இருந்த வாஷிசுவின் மனம் அதோடு மாறி நண்பனின் கொலை நடக்கிறது; குழந்தையோ செத்துப் பிறக்கிறது. மக்பூலில் குழந்தை பிறந்தே விடுகிறது. யாருடைய குழந்தை என்ற கேள்வி மக்பூலை அரிக்கிறது. கடைசியில் ஆஸ்பத்திரியில், தன் எதிரிகளாகிவிட்டவர்கள் அந்தக் குழந்தையை அள்ளிக் கொஞ்சுவதை ஒளிந்து நின்று பார்க்கிறான். துப்பாக்கியை விட்டுவிட்டு வெளியே நடக்கிறான், சுடப்பட்டுச் சாகிறான். ஷேக்ஸ்பியரின் மேக்பெத்துக்கு இப்படி ஆயுதத்தைக் கீழே போடும் கணம் இல்லை. அந்த ஒரு ஓட்டைக்குள் இறங்கியதால்தான் பரத்வாஜுக்கு அது கிடைத்தது.

இந்தப் படிக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுதாக ஒதுக்குங்கள். நாடகம் சொல்லாமல் விட்டதைப் படம் சொல்லும்போது உங்களுக்கு நிம்மதியா, இழப்பா? கர்சலிடம் எனக்கு இழப்பு. காரணம் தெரிந்துவிட்ட கொடுமை கொஞ்சம் சிறுத்துப்போகிறது.

படி 7: காடு நடந்து வருகிறதா

பிர்னாம் காடு கோட்டைக்கு நடந்து வரும்வரை உனக்குத் தோல்வியில்லை என்பது வாக்கு. மேடையில் வீரர்கள் கிளைகளை ஒடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள்; கொஞ்சம் சிரிப்பு வரக்கூடிய இடம். கோயன் கதவைத் திறக்க, இலைகள் காற்றோடு மண்டபத்துக்குள் கொட்டுகின்றன. கர்சலில் காடு எரிந்து சாம்பலாகப் பறந்து வருகிறது. மக்பூலில் காடு கடலாகிறது: கடல் உன் வீட்டுக்கு வராதவரை பயமில்லை என்றார்கள், கடலைக் காவல் காக்கும் அரசாங்க ஆட்கள் வாசலுக்கே வந்து நிற்கிறார்கள்.

குரோசவாவுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. காடு வருவதற்கு முந்தைய இரவு, கோட்டை மண்டபத்துக்குள் பறவைகள் கூட்டமாகப் புகுந்துவிடுகின்றன. அபசகுனம் என்று எல்லோரும் மிரள்கிறார்கள். உண்மையில் அங்கே மரங்களை வெட்டுகிறார்கள், கூடு இழந்த பறவைகள் இங்கே வருகின்றன. உங்கள் நோட்டின் இரண்டாவது பட்டியலைப் புரட்டுங்கள். நாடகம் முழுக்கச் சொல்லில் பறந்த ஆந்தையும் காகமும் கடைசியில் சிறகோடு உள்ளே வந்துவிட்டன. அதன் பிறகு வாஷிசுவாக நடிக்கும் தோஷிரோ மிஃபூனே மீது அவன் வீரர்களே விடும் அம்புகள். அந்தக் காட்சியில் நிஜ அம்புகளையே எய்தார்கள், அவர் முகத்தில் தெரியும் பயத்தில் கொஞ்சம் நிஜம்.

ஜோஜியில் காடு வருவதில்லை. தற்கொலைக்கு முயன்று தப்பியவன், அப்பா கிடந்ததுபோலவே கட்டிலில் அசைவற்றுக் கிடக்கிறான். பேச்சு இல்லை, கண் மட்டும் அசைகிறது. ஷேக்ஸ்பியரில் ஓயாமல் தன்னோடு பேசிக்கொண்டே இருந்தவன் கடைசியாக வந்து சேர்ந்த இடம் இது.

படி 8: வேறொரு நாடகத்தில் சோதித்துப் பாருங்கள்

பரத்வாஜின் 'ஓம்காரா'வுக்கும் (ஒதெல்லோ), 'ஹைதர்' படத்துக்கும் (ஹாம்லெட்) இதே நோட்டு உதவும். ஆனால் ஷேக்ஸ்பியரை விட்டு வெளியே வருவது நல்லது. நார்வே நாடகாசிரியர் இப்சன் 1882இல் எழுதிய 'மக்கள் விரோதி'யைப் படித்துவிட்டு, சத்யஜித் ராய் அதை வைத்து எடுத்த 'கணசத்ரு'வைப் பாருங்கள். நார்வேயில் ஊருக்கு வருமானம் தரும் குளியல் நிலையத்தின் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று டாக்டர் கண்டுபிடிக்கிறார். ராய் அதை வங்காளத்தில் ஒரு கோயில் தீர்த்தமாக மாற்றினார். அந்த ஒரு மாற்றத்தில் பணத்தோடு பக்தியும் சண்டைக்கு வந்துவிட்டது. உடல்நலம் குன்றியிருந்த ராய் படத்தை ஏறக்குறைய முழுவதும் அறைகளுக்குள்ளேயே எடுத்தார். நாடகம்போல இருக்கிறது என்று குறை சொல்லப்பட்ட படம் அது.

இப்சனின் டாக்டர் கடைசியில், தனித்து நிற்பவனே பலசாலி என்கிறார். ராயின் டாக்டர் தனியாக இல்லை. அவரை வாழ்த்தும் கோஷம் வெளியிலிருந்து கேட்கிறது. கேட்கிறது, அவ்வளவுதான். கேமரா வெளியே போவதில்லை, கூட்டத்தை நாம் பார்ப்பதில்லை. மேடைக்கு வேறு வழியில்லாததால் மூடியிருந்த கதவு. இங்கே கேமரா வைத்திருப்பவர், திறக்க முடிந்தும், தானே சாத்தியிருக்கிறார். நோட்டில் இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பார்த்துவிட்டு நீங்கள் எழுதுங்கள்.